பாதிக் கோலம்

சிகரெட்டை விட்ட அன்று என் கணவர் கோலமாவு டப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு விரல்களுக்கு நடுவே எதையாவது பிடித்திருக்க வேண்டுமாம். ஆசை வரும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்தார். கோலம் முடிவதற்குள் ஆசை அடங்கிவிடும் என்றார். இருபது வருடங்களாக அவர் மனதை ஊகித்தே பழகிய நான், இப்போது அதைத் தரையிலேயே பார்த்தேன். ஆசை அதிகமான நாட்களில் கோலங்கள் எங்கள் மூன்றாம் மாடி வாசலிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கின.

"இன்னைக்கு அஞ்சாவதா சார்? என் வாசலும் காலியாத்தான் இருக்கு" என்று எதிர்வீட்டு புனிதா சீண்டுவாள்.

"சாப்பிட்டதும் உங்க வாசல்தாம்மா" என்பார்.

இருபத்துமூன்றாம் நாள், சாப்பிட்டதும் வெளியே போனார். நான் எட்டிப் பார்த்தபோது எங்கள் வாசலில் கோலம் பாதியில் நின்றிருந்தது. டப்பா திறந்து கிடந்தது. அவரைக் காணோம். தெருமுனையில் சிகரெட் விற்கும் பெட்டிக்கடைதான் நினைவுக்கு வந்தது.

அப்போது மொட்டைமாடியில் காக்கை விரட்டும் அவர் குரல் கேட்டது. ஓடினேன். காயவைத்திருந்த வடகத்துக்குக் காவலாக நின்றிருந்தார்.

"ஏங்க, பாதியில விட்டுட்டு வந்துட்டீங்க?"

"எதை?" என்றார், வாய் நிறைய அரைக்காய்ச்சல் வடகத்தோடு.

இறங்கி வந்தேன். "பாதிக் கோலம் வாசல்ல கிடக்கக் கூடாதுக்கா, முடிச்சிடுங்க" என்றாள் புனிதா.

"இருக்கட்டும் புனிதா, இன்னைக்கு ஆசை அவ்வளவுதான்" என்று, அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனேன்.