பஞ்சாங்கம் கேட்ட பெயர்

ஒரு கணினியில் பஞ்சாங்கம் சொல்லும் நிரல் ஒன்று இருந்தது. ராகுகாலம் கேட்டால் நொடியில் சொல்லிவிடும். தனக்கு யார் தயவும் வேண்டாம் என்பது அதன் நினைப்பு.

வேறு இரண்டு கணினிகளுக்கு அதை அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டிலும் அது வாயே திறக்கவில்லை. திரும்பி வந்து, "ரெண்டும் உதவாக்கரை மெஷினுங்க" என்று அலுத்துக்கொண்டது.

மூன்றாவது கணினிக்குக் கூட்டிப்போக, நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் சேர்த்துக் கட்டி எடுத்துப்போகும் பெட்டி ஒன்று வந்தது. "கூட என்னென்ன வேணும்? சொன்னா கட்டி எடுத்துக்கறேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

"இன்னிக்கு ராகுகாலம் எப்படிப் பார்த்த?"

"சூரியன் உதிக்கிற நேரத்தை வச்சுத்தான்."

"அதை உனக்கு யார் சொன்னது?"

பஞ்சாங்கம் திரும்பிப் பார்த்தது. மூலையில் ஒரு சின்னக் கோப்பு, வழக்கம்போல, நாளைய உதய நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அதோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த இரண்டு கணினிகளிலும் இந்தக் கோப்பு இல்லை.

பெட்டி ஒரு சீட்டை நீட்டியது. "கூட வர்றவங்க பேரை எழுது."

பஞ்சாங்கம் கூச்சத்தோடு கோப்பின் பக்கம் போனது. "உன் பேர் என்ன?"

"முதல்ல என் பக்கத்துல இருக்கிற ஊர்ப்பட்டியலையும் நாள்கணக்கையும் எழுதிக்கோ," என்றது கோப்பு. "அவங்க சொல்லாம எனக்கு உதயம் தெரியாது. என் பேரை அப்புறம் எழுதலாம்."