இரும்பு வாசலில் கைகுலுக்கல்

பெல்ஃபாஸ்டைப் பிரிக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் கத்தோலிக்கர். அந்தப் பக்கம் புராட்டஸ்டன்டுகள். பயணிகளுக்கு இந்தப் பக்கத்துச் சண்டைக் கதைகளைச் சொல்லிக்கொண்டே நடந்த ஃபெர்கல், சுவரின் இரும்பு வாசலில் அவர்களை அந்தப் பக்கத்து வழிகாட்டி நார்மனிடம் ஒப்படைத்தார். ஒரு காலத்தில் எதிரெதிரே துப்பாக்கி தூக்கிச் சிறைக்குப் போனவர்கள் இருவரும். வழக்கம்போல் கைகுலுக்கினார்கள். பயணிகள் படம் எடுத்தார்கள்.

"நெசமாவே பகையை மறந்துட்டீங்களா?" வழியில் வந்து சேர்ந்துகொண்ட ஒரு பெண் கேட்டாள்.

ஃபெர்கல் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா."

"நீங்க?"

"நாங்க இப்ப அண்ணன் தம்பி மாதிரி," என்றார் நார்மன், அவளைப் பார்க்காமல்.

கூட்டம் கைதட்டியது. ஒரு ஜெர்மன்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சனிக்கிழமை எங்க கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்துருங்க," என்றாள் அந்தப் பெண். "நார்மன் மாமா, உங்க பையன் இன்னும் உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கான். அப்பா, நீங்க வீட்டுக் கதவைத் தொறக்க மாட்டேங்கறீங்க. அதான் இங்க வந்து கூப்பிடறேன்."

நார்மன் ஃபெர்கலின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

ஃபெர்கல் பயணிகளிடம் திரும்பினார். "எங்க பக்கத்துக் கதை இதோட முடிஞ்சுது. மிச்சத்தை அவர் சொல்லுவார்."

"இப்படி வாங்க," என்றார் நார்மன்.

இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். வாசலில் அவள் மட்டும் நின்றாள்.