தலைவர் கொடுக்கும் முதல் பாட்டில்

"அருமை! அருமை! இன்னும் சொல்லுங்க டாக்டர்!"

தோன் ஹெர்வாசியோ மறுபடியும் எழுந்து நின்று கைதட்டினார். சர்ச் கூடத்தில் இருந்தவர்களும் வேறு வழியில்லாமல் தட்டினார்கள். ஒரு சொற்பொழிவைக் கேட்டு இந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வருவதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

கண்ணீர் வந்தது பேச்சால் இல்லை. மேடைக்குக் கீழே, ரத்ததான முகாமுக்கு வந்த நர்ஸ் பெலாஹியா ஊசிகளைத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் வந்தது.

ஊசி என்றால் அவருக்குக் குலை நடுங்கும். போன வருஷம் நாய்க்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில் நாய் பாட்டுக்குச் சும்மா நின்றது, இவர்தான் மயங்கி விழுந்தார். கடைசியில் நாய்தான் முகத்தை நக்கி எழுப்பியது. இந்தக் கதை அவர் மனைவிக்கும் மாட்டு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? சேவைச் சங்கத்துத் தலைவர் என்ற மிதப்பில் வாரம் முழுக்க உள்ளூர் ரேடியோவில் முழங்கித் தள்ளிவிட்டார். "ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்கப் பயப்படறவன் எல்லாம் பராகுவேக்காரனா? மீசையை எடுத்துடச் சொல்லுங்க!" இப்போது ஊரே அவர் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் மயங்கி விழுந்தால் மீசையும் போச்சு, பதவியும் போச்சு.

சங்கத்து வழக்கம் வேறு கழுத்தை நெரித்தது. எந்த வேலையானாலும் தலைவரும் சிறப்பு விருந்தினரும்தான் தொடங்கி வைக்க வேண்டும். போன மாதம் ஓடையைச் சுத்தம் செய்தபோது, விருந்தாளியாக வந்த நீதிபதியம்மாவே முழங்கால் சேற்றில் இறங்கிக் கூடை கூடையாக அள்ளினார். இன்றைக்குத் தலைவர் மட்டும் தப்பிக்க முடியுமா?

ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். உச்சி மணி அடித்ததும் ரத்த வண்டி அடுத்த ஊர் முகாமுக்குக் கிளம்பிவிடும். அதுவரை, இன்றைய சிறப்பு விருந்தினராகத் தலைநகர் அசுன்சியோனிலிருந்து வந்திருக்கும் ரத்த நிபுணர் டாக்டர் ஓவெலார் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

நல்லவேளை, மனுஷர் நிறுத்துகிற ரகமாகத் தெரியவில்லை. ரத்த வகைகளை முடித்து, கொசுவுக்கு வந்து, கொசுவிலிருந்து சதுப்பு நிலத்துக்குத் தாவி, அங்கே அவருடைய சித்தப்பா பிடித்த மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடம் அடுப்பாகக் கொதித்தது. அவரோ சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துப் பொத்தான் போட்டிருந்தார்.

"தலைவரே, மணியை அடிங்க," என்று காதைக் கடித்தாள் துணைத்தலைவி தோன்யா நிமியா. மருந்துக்கடைக்காரி, அடுத்த வருஷம் தலைவர் நாற்காலியில் உட்கார அவளுக்கு ஆசை. சங்கத்து மணியை அடித்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் வாயை மூடியாக வேண்டும், அது விதி.

"மணி எங்கே போச்சுன்னே தெரியலையே," என்றார், மணியின் மேல் உட்கார்ந்திருந்த ஹெர்வாசியோ.

"ஜனங்க பசியில கெடக்காங்க. சிப்பா ரொட்டி எல்லாம் கல்லாப் போயிட்டிருக்கு."

"வயித்துப் பசி கிடக்கட்டும்மா. அறிவுப் பசின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அது உங்களுக்கு எப்போலேருந்து? போன கூட்டத்துல குறட்டை விட்டது யாராம்?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் தண்ணீர் குடிக்கப் பேச்சை நிறுத்தினார். உடனே பெலாஹியா கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம்!" என்று கத்தினார் ஹெர்வாசியோ. "இந்த... இந்த முதலைக்கு என்ன ரத்த வகை?"

யாராவது கேட்பார்களா இப்படி? கூடமே சிரித்தது. ஆனால் டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரமாதமான கேள்வி! இதுக்குச் சுருக்கமா பதில் சொல்லவே முடியாதுங்க," என்று ஆரம்பித்தார்.

முதலை முடிந்து ஆமை வந்தது. பின்வரிசையில் கைமாறிக்கொண்டிருந்த தெரெரே மூலிகைத் தேநீர்க் குவளையில் ஐஸ் தீர்ந்தது, பாதிப்பேர் மதியத் தூக்கத்தை நாற்காலியிலேயே தொடங்கிவிட்டார்கள். ஆமை முட்டையிடும் கட்டத்துக்கு வந்தபோது சர்ச் கோபுரத்தில் உச்சி மணி அடித்தது.

பெலாஹியா கையுறையைக் கழற்றி வீசினாள். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு சொட்டுகூட எடுக்காம திரும்பறது இதான் முதல் தடவை. அடுத்த மாசம் வரேன், அப்போவாவது வாயைக் கட்டுங்க," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டது.

"அடடா, கிளம்பிட்டாங்களா? கொடுக்கணும்னு எனக்குக் கையெல்லாம் துடிச்சிட்டிருந்துச்சே!" என்று ஹெர்வாசியோ உச்சுக் கொட்டினார். நிமியா அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஜனமும் அவள் பின்னாலேயே ஓடியது.

ஹெர்வாசியோ ஒரே தாவாக மேடை ஏறினார். மானத்தைக் காப்பாற்றிய புண்ணியவானை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். டாக்டரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை மட்டும் ஜில்லென்று இருந்தது. வாய் இன்னும் ஆமை முட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது.

"போதும் டாக்டர், போதும். கூட்டம் முடிஞ்சுபோச்சு."

டாக்டர் மைக்கைக் கையால் பொத்தினார். காலியான கூடத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹெர்வாசியோவின் காதருகே குனிந்தார்.

"அந்த ஊசிக்காரம்மா நிஜமாவே போயிட்டாங்களா?"