செருப்பு கொண்டுவந்த நாய்

வாயில் செருப்பைக் கவ்விக்கொண்டு எந்த நாயாவது கடிக்க வருமா? பன்னிரண்டு வருடம் காக்கி போட்டும் இதுகூடத் தெரியவில்லை என்றால், கண் முகத்தில் இருந்ததா, பிடரியில் இருந்ததா? நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை வாசித்தார். "சம்மன் கொடுக்கப் போன வீட்டில் நாய் வெறியோடு பாய்ந்ததால், தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது. சரிதானேம்மா?"

"பாயல சார். வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வந்துச்சு."

"பல்லைக் காட்டிச்சுல்ல?"

"செருப்பைக் கவ்விக்கிட்டு எப்படி சார் பல்லைக் காட்டும்? யார் வந்தாலும் வீட்டுச் செருப்பை எடுத்துட்டு வந்து குடுக்குமாம். அந்த வீட்டம்மா அழுதுகிட்டே சொன்னாங்க."

"அந்த நேரத்துல அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்? உயிர்பயம்."

"பயம் நிஜந்தான் சார். ஆபத்துதான் இல்ல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதுல கையெழுத்து விழலன்னா ஒரு உத்தியோகம் போயிடும். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?"

"ஒண்ணு ஆறாவது, ஒண்ணு ஒன்பதாவது," என்றாள் அவள். "பெரியவளுக்கு இன்னைக்குப் பரீட்சை சார். காலையில இந்தக் கையாலதான் தலை பின்னி அனுப்பினேன்."

நேற்று துப்பாக்கி விசையை அழுத்திய அந்தக் கையால், பேனாவை மூடி அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"வேணாம் சார்."