கொப்பிக்குள் ஓர் அணைக்கட்டு

"இது பொல்கொல்லை அணைக்கட்டுத்தானே?"

சார்ஜன்ட் கொப்பியை விவேகானந்தனின் மூக்குக்கு நேரே பிடித்தார். விரித்த பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஆறு, பாலம், இரண்டு காவல் கோபுரங்கள். இடையிடையே அம்புக்குறிகள், எண்கள். அந்த அணைக்கட்டுக்குப் பக்கத்துக் குண்டசாலையில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் அலுமாரிக்குப் பின்னாலிருந்து, அதுவும் போர் நடக்கிற 2007ஆம் ஆண்டில், பொலிஸ் சோதனையில் எடுக்கக்கூடிய பொருளா இது?

விவேகானந்தன் அந்தக் கொப்பியைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் வீட்டில் இருப்பது அவரும் மனைவி மங்களேஸ்வரியும்தான். தன்னுடையது இல்லை என்றால் அடுத்து அவளைத்தான் பிடிப்பார்கள். தவித்துப்போய்ச் சுற்றிப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் மேசையில் கிடந்த கேம் சீடியின் உறை கண்ணில் பட்டது. அதிலும் ஓர் அணைக்கட்டுப் படம்!

"நான் கீறினதுதான் சேர். இந்தச் சண்டைக் கேமில வாற இடம்."

"இஞ்சேருங்கோ, அது..." குசினி வாசலில் இடக்கையில் அகப்பையோடு நின்ற மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள். வெளியில சுடுறது போதாதெண்டு வீட்டுக்குள்ளயுமோ என்று அந்தக் கேமைத் தினமும் திட்டித் தீர்க்கிறவள் அவள்.

"நீர் பேசாதேயும்! உமக்கு இதுகள் ஒண்டும் விளங்காது."

சார்ஜன்ட் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "படம் யாரும் போடலாம். விளையாடி அந்த இடத்தைக் காட்டுங்க. எங்க ஆளுங்க இந்த ஒழுங்கையில மத்த வீடெல்லாம் பார்த்து முடியிற வரைக்கும் டைம். இல்லாட்டி ஜீப்பில ஏறணும்."

ஜீப்பில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாத காலம் அது. விவேகானந்தன் கதிரையில் உட்கார்ந்தார். மவுஸ் வழக்கம்போல இடப்பக்கம் கிடந்தது. தூசி தட்டுகிறேன் என்று அவள் செய்கிற வேலை! எரிச்சலோடு வலப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

கேம் என்னவோ அருமையான கேம்தான். காணாமல் போன தம்பியைத் தேடித் துப்பாக்கியோடு அலைகிற ஒருவனின் கதை. தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் மூன்று மாதமாக விவேகானந்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்தக் கேமைச் செய்த புண்ணியவான் கையில் அகப்பட்டால்! துணைக்கு என்று ஒரு சிநேகிதனைக் கூட அனுப்பியிருக்கிறான். அந்தச் சனியன் சரியாகக் குண்டு வருகிற பக்கம் பார்த்துப் போய் நிற்கும். அதைக் காப்பாற்றப் போய் இவர் சாவார். கண்டி டவுனில் வாங்கிய களவுச் சீடி, பாதியில் சேமித்து வைக்கவும் விடாது. செத்தால் திரும்பவும் முதலிலிருந்து. இன்றுவரை அவர் துறைமுகத்தைத் தாண்டியதே இல்லை. அணைக்கட்டு அதற்கப்பால் எங்கேயோ இருந்தது.

துறைமுகம் வந்தது. சிநேகிதன் நடுவெளியில் போய் நின்றான். இவர் ஓடினார், செத்தார்.

"இதுவா அணைக்கட்டு?"

"வரும் சேர், வரும்."

இரண்டாம் முறையும் அதே இடம், அதே சாவு. வியர்வையில் மவுஸ் வழுக்கியது.

"இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதை ஒருக்கால்..."

"கடவுளே, சும்மா இருமப்பா! மனிசன் இருக்கிற நிலைமையில!"

மூன்றாம் முறை சாகவும் வெளியே விசில் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. ஒழுங்கை முடிந்துவிட்டது. சார்ஜன்ட் கொப்பியை மடித்தார்.

"உங்க கையால கீறினது. உங்களுக்கே வழி தெரியல்ல. ஏறுங்க."

விவேகானந்தனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாசமாய்ப் போன ஒரு கேமாலே நானும் நாசமாய்ப் போறேனே என்று நெஞ்சு கொதித்தது.

மங்களேஸ்வரி அகப்பையை மேசையில் வைத்தாள். அவரைத் தோளில் பிடித்து எழுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். மவுஸை இடப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் தாங்கோ சேர்."

துறைமுகத்தில் சிநேகிதன் நடுவெளிக்குப் போனான். அவள் திரும்பியும் பார்க்காமல் மறுபக்கமாக ஓடினாள்.

"ஐயோ, அவன் சாகப் போறான்!" என்று கத்தினார் விவேகானந்தன்.

"சாகட்டும். தம்பியைக் காட்டிக் குடுத்தவனே அவன்தான்."

ஒன்பதாவது நிமிடம் திரையில் ஆறு வந்தது. பாலம் வந்தது. இரண்டு காவல் கோபுரங்களும் வந்தன. சார்ஜன்ட் கொப்பியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொப்பியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"மங்களம்... உமக்கு இதெல்லாம் எப்பிடி?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்கள் கந்தோருக்கு வேலைக்குப் போனாப் பிறகு நான் என்ன செய்யிறனெண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே?"