பீரோவுக்குள் இருந்தவர்கள்

"போன வாரம் உன் பீரோவைத் திறந்தேன்டா" என்று அம்மா போனில் சொன்னதும், ஆபீஸில் இருந்தவன் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தான்.

பெண்களைக் கயிற்றால் கட்டிப் படமெடுப்பது ஜப்பானில் ஒரு கலை. பீரோவில் ஒளித்து வைத்திருந்த, அப்படிப்பட்ட படங்களின் பழைய புத்தகம் ஒன்றுக்காக அவன் வருஷக்கணக்கில் நாயாய் அலைந்திருந்தான். உலகத்திலேயே நாலைந்து பிரதிகள்தான் மிச்சம்.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினான்.

"எங்கம்மா புத்தகம்? எடைக்குப் போட்டுட்டியா?"

"புத்தகத்தைப் போய் யாராவது எடைக்குப் போடுவாங்களா?"

"கிழிச்சியா?"

"ஒரு பக்கம்கூடக் கசங்கலை. மேஜை மேல இருக்கு பாரு."

"என்மேல கோபமா?"

"உன்மேல எதுக்குடா? அந்தப் பொண்ணுங்களைப் பார்த்தாதான் பாவமா இருந்துச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. புத்தகத்தை எடுக்கப் போனவன், பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த பிரஷ்களைப் பார்த்தான். போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது கல்யாணப் பெண்களின் படங்களில் பருவையும் தழும்பையும் சுவடே தெரியாமல் அம்மா மறைத்த பிரஷ்கள்.

அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினான்.

"கயிறு இருந்த அடையாளமே தெரியலை, இல்ல? அத்தனை பேரையும் அவுத்து விட்டுட்டேன். அந்தரத்துல தொங்கினவ மட்டும் விழுந்துடுவாளேன்னு, ஒரு நாற்காலி வரைஞ்சு உட்கார வச்சேன்."

எல்லாப் பெண்களும் விடுதலையாகியிருந்தார்கள். அவனுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.