எறும்பு ஏறிய பாட்டில்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், மீன் வியாபாரி ஜம்புலிங்கத்தின் மூத்திர பாட்டிலைத் தேடி இந்த வாரமும் ஒரு பட்டாளம் எறும்பு டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த மூத்திரத்தில் சில சொட்டை நீல மருந்தில் விட்டு, சோதனைக் குழாயைச் சூடாக்கினார். நீல மருந்து செங்கல் நிறமாக மாறியது.

"மறுபடியும் சர்க்கரை! உண்மையைச் சொல்லுய்யா, திருட்டுத்தனமா என்ன தின்னே?"

"கேவுரு களியும் பாவக்காயும் தின்னு நாக்கே செத்துப்போச்சு சார்! சோத்தைப் பாத்து மூணு மாசமாவுது. மீன் கொழம்பை மோந்து பாத்துட்டு வெச்சிடறேன்!"

"அப்போ களியையும் பாதியாக் குறை."

"இன்னும் கொறைச்சா காத்துல பறந்து மாமல்லபுரத்துல வுழுவேன்! இன்னா டாக்டரு சார் நீங்க? நெசத்தைச் சொன்னா நம்ப மாட்றீங்களே!"

மனைவி சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மனுசன் பொய் சொல்லல சார். நாந்தானே ஆக்கிப் போடறேன்? இந்த பாட்டிலைக்கூட நாந்தான் பாத்துப் பாத்துக் கொண்டாறேன். நாத்தத்துல நீங்க மொகம் சுளிக்கக் கூடாதுன்னு, ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு கரண்டி நன்னாரி சர்பத் ஊத்தித்தான் மூடறேன்!"

அறையில் எறும்பு நடக்கும் சத்தம்கூடக் கேட்டது.

டாக்டர் அங்கேயே புதிதாக வாங்கிச் சோதித்தார். நீலம் லேசாகப் பச்சையானதோடு நின்றுவிட்டது; சர்க்கரை துளிதான்.

"நாளையிலேருந்து மதியம் ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுய்யா" என்றார் ஈனஸ்வரத்தில்.

ஜம்புலிங்கம் சிரித்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். சொர்ணம் சந்தோஷம் தாங்காமல் பையிலிருந்து சர்பத் பாட்டிலை எடுத்தாள்.

"களைச்சிப் போய்க் கீறீங்க சார். ஒரு டம்ளர் கலக்கட்டுமா?"

டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம்மா, எனக்குச் சர்க்கரை!"